நூறு, இருநூறு

ஜெலுத்தோங் எண்ணெய் நிலையத்தில்
மூன்றாம் நம்பர் பம்புக்கடியில் கிடைத்ததால்
பெட்ரோல்.
கூடப் பிறந்தது டீசல்.
பேர் வைத்தவன் பிமல், நேப்பாளத்துக்காரன்,
இரவு வேலை, என்னைப்போல.

டீசல் முதலில் ஒரே ஒருமுறைதான் தும்மியது.
நாங்கள் சிரித்தோம்.
மூன்றாம் நாள் கண்ணில் பீளை,
மூக்கில் பச்சைப் பொருக்கு.
வெயிலில் நிற்கும் நாய் மாதிரி
வாயைத் திறந்து மூச்சு விட்டது.
பிமல் தன் பொட்டலத்திலிருந்து கெம்போங் மீனைப்
பிய்த்துப் பிய்த்து நீட்டினான்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசம் தெரியாவிட்டால் பூனை தின்னாதாம்.
அதற்குப் பசி வயிற்றில் இல்லை,
மூக்கில் இருக்கிறது.
இது எனக்குத் தெரிய வந்தது
அட்டைப்பெட்டியைப் புதைத்து இரண்டு வாரம் கழித்து.

என் மூக்கும் ஒன்றும் ஒழுங்கில்லை.
பதினோரு வருடமாயிற்று, பெட்ரோல் வாசமே தெரிவதில்லை.
பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்
முகத்தைச் சுளிக்கும்போதுதான்
சட்டை ஞாபகம் வரும்.

*

கிளினிக்கில் காக் ரோஹானி பாரம் நிரப்பினார்.
பேர்?
பெட்ரோல்.
தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தார்.
அச்சடித்து வந்த சீட்டில்
பெட்ரோல் அனாக் பெரெம்புவான் சற்குணன்.
நாற்பத்து மூன்று வயதில்
பதிவுத்துறைக்குத் தெரியாமல் எனக்கொரு மகள்.

கூண்டுக்குள் தரையோடு தரையாக அப்பிக்கிடந்தாள்.
கருத்தடைக்குப் போட்ட ஊசியை மறக்காதவள்.
அன்றைக்கு என் மணிக்கட்டில் அவள் கிழித்த கோடு
இன்னும் வெள்ளையாகத் தெரியும்.
அதனால் துண்டு இரண்டு கொண்டுபோயிருந்தேன்,
பிமலின் தோல் கையுறை ஒரு ஜோடி.

டாக்டர் ஊய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு
சண்டைக்கா வந்தீர்கள் என்றார் மலாயில்.
ஊசி இல்லை, மூக்கில் சொட்டு.

சின்னக் குப்பியில் பொடி,
பொடியில் நீர்,
நீரை உறிஞ்சிக்கொண்டது முனையில்லாத ஒரு குழல்.
முகவாயைப் பிடித்து அண்ணாத்தி
இடது துளையில் பாதி.
என்ன நடந்தது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள்
வலது துளையில் மீதி.
அவ்வளவுதான்.
காதைப் பின்னுக்கு மடித்தாள்,
நாக்கை நீட்டி மூக்கை நக்கினாள்,
என்னை முறைத்தாள்.
கையுறை மேசையில் சும்மா கிடந்தது.

நோய் இந்த வாசல் வழியாகத்தானே வருகிறது,
காவலையும் இங்கேயே நிறுத்துகிறோம் என்றார்.
வராது என்று எழுதித் தருவீர்களா?
மாட்டேன். வந்தாலும் ஆளைச் சாய்க்காது, பெரும்பாலும்.
அந்தப் பெரும்பாலும்-ஐ
ரசீதோடு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.
நாலைந்து நாள் தும்முவாள், பயந்துவிடாதீர்கள்.

எண்பத்தைந்து வெள்ளி.

டீசல் தும்மிய வாரம் என்னிடம்
எண்பத்தைந்துக்கு மேலேயே இருந்தது.
நாலு நம்பர் எடுத்தேன்.
பிமலிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

*

மறுநாள் இரவு மூன்று மணி.
கல்லாவுக்குப் பின்னால், எஞ்சின் எண்ணெய் டப்பாக்களுக்கு நடுவில்
படுத்திருந்தவள்
தும்மினாள்.
பாக்கி எண்ணிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.
பிமல் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.
மருந்து, என்றேன்.
மருந்துதான்.
அவனுக்குச் சொன்னேனோ, எனக்கோ.

எங்கள் வீட்டில் பிள்ளை தும்மினால்
நூறு என்பார்கள். ஆயுசு.
அடுத்த தும்மலுக்கு இருநூறு.
எனக்கு யாரும் சொல்லி ரொம்ப நாளாயிற்று.

நூறு, என்றேன்.
மறுபடி தும்மினாள்.
இருநூறு.
பிமலும் சேர்ந்துகொண்டான், நாக்கு இடற, முந்நூறு.
அவள் எழுந்து சோம்பல் முறித்து
அவனுடைய பொட்டலத்தை முகர்ந்தாள்,
முடிச்சைக் காலால் தட்டிப் பார்த்தாள்.

கண்ணாடிக்கு வெளியே லாரிக்காரர்
ஐம்பது வெள்ளி நோட்டை ஆட்டினார்.
என்னண்ணே, விலை ஏறிக்கிட்டே போகுது?
நான் கேட்டது ஐம்பதுக்குத்தான்.

எதுக்கு? என்றேன், காதில் விழாதவனைப்போல.

டீசல், என்றார்.